இல்லை என்று எழுதுமுன்

பங்குத்தந்தையின் பணிகளுள் பலரும் அறியாத ஒன்று பதிவேடு எழுதுவது. திருமுழுக்கு, திருமணம், இறப்பு என்னும் மூன்று பெரிய ஏடுகள் பங்கு இல்லத்து அலமாரியில் உறங்குகின்றன. எழுதுகிறவனுக்கு அவற்றின் பயன் தெரிவதில்லை. ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்து, முகமறியாத ஒருவர் தேடி வரும்போதுதான் அது விளங்குகிறது. உயிரியலில் ஆய்வு செய்யும் எங்கள் பங்கு இளைஞர் ஒருவர் சென்ற கோடையில் ஒரு கட்டுரையைத் தந்துவிட்டுப் போனார். விலங்கியலாரிடத்தும் இத்தகைய ஏடுகள் உண்டு என்பதை அதில் படித்து வியந்தேன். வியப்போடு பழைய உறுத்தல் ஒன்றும் எழுந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பெர்க்லி நகரிலே, அன்னி அலெக்சாண்டர் என்னும் பெருமாட்டியின் பொருளுதவியால் 1908-இல் ஒரு விலங்கியல் அருங்காட்சியகம் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னல். குடியேற்றமும் வேளாண்மையும் அந்நிலத்தை விரைந்து மாற்றிவருவதைக் கண்ட அவர், எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்பதை அது மறையுமுன் எழுதிவைக்க வேண்டும் என்று துணிந்தார். 1914 முதல் 1920 வரை அவரும் தோழர்களும் சியரா நெவாடா மலைத்தொடரின் யோசெமிட்டிப் பகுதியை, அடிவாரத்திலிருந்து முகடு வரை நடந்து அளந்தனர். எலிகள், அணில்கள், முயல்கள் ஆகியவற்றைப் பொறிவைத்துப் பிடித்தனர்; பலவற்றைக் கொன்று தோலைப் பதப்படுத்தி வைத்தனர். இதைப் படிக்கையில் எனக்குச் சற்று முகம் சுளித்தது என்பதை மறைப்பானேன்?

ஆனால் அவர்கள் எழுதிய முறை என்னைக் கவர்ந்தது. நீடித்து நிற்கும் தாள், அழியாத கறுப்பு மை. எந்த இடம், எவ்வளவு உயரம், எத்தனை பொறிகள், எத்தனை இரவுகள், எதில் என்ன சிக்கியது என்று ஒவ்வொரு நாளும் குறித்தனர். இவ்வேட்டின் உண்மையான மதிப்பு பல்லாண்டுகள், ஒருவேளை ஒரு நூற்றாண்டே, கழிந்த பின்புதான் தெரியவரும் என்னும் கருத்தைக் கிரின்னல் 1910-இலேயே எழுதிவிட்டார். 1939-இல் அவர் மறைந்தார். புவி வெப்பமடைவதைப் பற்றி அன்று யார் கவலைப்பட்டார்கள்?

அவர் எண்ணிய வாசகர்கள் 2003-இல் வந்தார்கள். கிரெய்க் மோரிட்ஸ் என்பவரின் தலைமையில், அதே அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் பழைய ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே மலையில் மீண்டும் ஏறினர். யோசெமிட்டி 1890 முதல் தேசியப் பூங்கா. அங்கே காட்டை அழித்து வயலாக்கியவர் இல்லை. ஆகவே விலங்குகள் இடம் பெயர்ந்திருந்தால், நிலத்தை மனிதன் பறித்தான் என்று எளிதாகக் காரணம் சொல்லிவிட முடியாது.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல். பழைய ஏட்டில் ஓரிடத்தில் ஒரு விலங்கின் பெயர் இல்லை என்றால், அது அங்கே வாழவில்லை என்று பொருளா, அல்லது வாழ்ந்தும் பொறியில் சிக்கவில்லை என்று பொருளா? குருமடத்தில் தருக்கம் பயின்றபோது, 'காணவில்லை' என்பதிலிருந்து 'இல்லை' என்பதற்குத் தாவலாகாது என்று படித்தோம். தேர்விலும் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியவை அந்தப் பொறிக்கணக்குகளே. ஒரு விலங்கு அங்கிருந்தால், ஓர் இரவில் சிக்கும் வாய்ப்பு பாதி என்று வைத்துக்கொள்வோம். ஓரிரவு தேடிக் காணாவிடில், அது இருந்தும் நம் கண்ணுக்குத் தப்பியிருக்கும் வாய்ப்பும் பாதி. ஐந்து இரவுகள் தேடியும் காணாவிடில், அவ்வாறு தப்பியிருக்கும் வாய்ப்பு முப்பத்திரண்டில் ஒன்றுதான். எவ்வளவு தேடினோம் என்று எழுதியவனுடைய 'இல்லை'க்கு ஓர் எடை உண்டு. எழுதாதவனுடைய 'இல்லை' வெறும் சொல்.

2008-இல் முடிவுகள் வெளிவந்தன. இருபத்தெட்டு இனங்களைக் கணக்கிட்டதில், பாதி இனங்களின் வாழிட எல்லை சராசரியாக 500 மீட்டர் அளவுக்கு மலைமேல் ஏறியிருந்தது. அந்த நூற்றாண்டில் அங்கே குறைந்தபட்ச வெப்பநிலை ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. தாழ்ந்த இடங்களில் வாழ்ந்தவை மேலே பரவின. உயரத்தில் வாழ்ந்தவற்றின் இடமோ சுருங்கியது. ஆயினும் எல்லாம் ஒரே அணியாக ஏறவில்லை; மறுபாதி அவ்வாறு ஏறியதாகத் தெரியவில்லை. நெருங்கிய உறவினங்களே வெவ்வேறு விதமாக நடந்துகொண்டன. இதை மறைக்காமல் சொன்னதால்தான் அந்தக் கட்டுரையின்மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

சிப்மங்க் என்பது முதுகில் வரிகொண்ட சிறு பிராணி. நம் அணிலுக்குத் தூரத்து உறவு. அவற்றுள் உச்சிமலைச் சிப்மங்கின் கீழெல்லை 600 மீட்டருக்கும் மேலாக உயர்ந்துவிட்டது. கிரின்னல் காலத்துத் தோல்களிலிருந்து மரபணுக் கூறுகளைப் பிரித்தெடுத்து, இன்று வாழ்பவற்றோடு ஒப்பிட்டு 2012-இல் வேறொரு ஆய்வு வந்தது. உச்சிமலைச் சிப்மங்க் தன் மரபுவளத்தில் ஒரு பகுதியை இழந்திருந்தது. அதன் கூட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று துண்டுபட்டிருந்தன. வாழிடம் பெரிதும் மாறாத அதன் உறவினம் ஒன்றில் இவ்வாறு காணப்படவில்லை. மலைக்கு முகடு உண்டு. அதற்குமேல் ஏற இடமில்லை. நான் முகம் சுளித்த அந்தத் தோல்கள்தாம் இதைச் சொல்லக்கூடியவையாக இருந்தன.

இனி என் உறுத்தலைச் சொல்கிறேன். குருவாகி எனக்குக் கிடைத்த முதல் பங்கில், முதியவர் ஒருவர் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு வயதை மெய்ப்பிக்க அது அவருக்குத் தேவைப்பட்டது. அவர் சொன்ன ஆண்டின் பக்கங்களைப் புரட்டினேன், பெயர் இல்லை. திருவிழா வேலைகள் காத்திருந்தன. 'பதிவு இல்லை' என்று ஒரு தாளில் எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "சாமி, அப்போ நான் இந்த ஊருல பொறக்கலையா?" என்று கேட்டார். நான் சிரித்தேன் என்றுதான் நினைவு.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மாறுதல் வந்து ஏடுகளை ஒப்படைக்க அடுக்கியபோது, அதே ஏட்டின் கடைசிப் பக்கங்களைத் தற்செயலாகத் திறந்தேன். கிளைப்பங்குகளின் திருமுழுக்குகளை யாரோ ஒரு முன்னோர் அங்கே தனியாக எழுதியிருந்தார். அவருடைய பெயர், தந்தை பெயர், ஞானப்பெற்றோர் பெயர் எல்லாம் தெளிவாக இருந்தன. மை மங்கவும் இல்லை. முதியவரோ அதற்கு முந்திய மழைக்காலத்தில் இறந்துபோயிருந்தார். அவரை அடக்கம் செய்தவனும் நான்தான்; இறப்புப் பதிவேட்டில் வயது என்னுமிடத்தில் 'சுமார்' என்று எழுதியதும் என் கைதான்.

அந்தத் தாளில் நான் எதைப் பார்த்தேன், எத்தனை பக்கங்கள் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால், அவரோ வேறொருவரோ மற்றப் பக்கங்களைப் பார்க்கச் சொல்லியிருக்கக் கூடும். ஓரிரவு ஒரே ஒரு பொறி வைத்துவிட்டு, மலையில் விலங்கே இல்லை என்று எழுதியவன் நான்.

சென்ற மாதம் ஒரு பெண் தன் பாட்டியின் பதிவைத் தேடி வந்தாள். 1938 முதல் 1944 வரை இருமுறை பார்த்தேன், கிடைக்கவில்லை. பார்த்த ஏடுகளையும் ஆண்டுகளையும் குறித்து, 'இவற்றுள் காணப்படவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். வாங்கியவள் சிறிது தயங்கி, "கடைசிப் பக்கங்களையும் பார்த்தீங்களா சாமி?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். பக்கத்து ஊர்ப் பங்கு 1941-இல்தான் பிரிந்தது, அங்கும் கேட்டுப் பார் என்று அந்தப் பங்குத்தந்தைக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன்.