காலாண்டு லீவுக்கு எங்கே போகலாம்? ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு நாள்!

புரட்டாசி பிறந்தால் போதும், வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளுக்கு லீவு, பின்னாலேயே ஆயுத பூஜை. “எங்கேயாவது போகலாமே” என்று ஒருவர் ஆரம்பிப்பார். செல்போனைத் திறந்தால் சுவிட்சர்லாந்தில் மரமெல்லாம் மஞ்சள், ஜப்பானில் மலையெல்லாம் சிவப்பு. ஒரே நாட்டில் கடல், ஏரி, மலை என்று எல்லாவற்றையும் ஒரு சுற்றில் பார்த்துவிட்டு வருகிறார்கள். டிக்கெட் விலையைப் பார்த்ததும் போனை மூடிவைத்து விடுகிறோம்.

நமக்கு இலையுதிர் காலம் கிடையாது. நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பிரித்தார்கள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். வெயில் தணிந்து, வாடைக்காற்று இன்னும் வராத இந்த இடைவெளிதான் சென்னைக்காரர்கள் ஊர் சுற்ற ஏற்ற நேரம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் இறங்கும். அதற்குள் ஒரு நாளை ஒதுக்குங்கள். துறைமுகம், பழைய கோயில் ஊர், தொழிற்சாலைகள், ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் என்று நாலு வித நிலங்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம். எல்லாம் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஏறக்குறைய 15 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன.

“வடசென்னையா? அங்கே பார்க்க என்ன இருக்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. சினிமா காட்டும் வடசென்னையில் அரிவாளும் குத்துச்சண்டையும்தான் அதிகம். நேரில் போனால் வேறு ஓர் ஊர் தெரியும்.

அதிகாலை: காசிமேடு

மீன்பிடித் துறைமுகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். ஐந்து மணிக்கு அங்கே இருந்தால் ஏலம் சூடாக நடப்பதைப் பார்க்கலாம். விசைப்படகுகள் வரிசையாக அணைந்திருக்கும். கூடை கூடையாக வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி இறங்கும். ஐஸ் உடைக்கும் சத்தமும் ஏலம் கூவும் குரலும் சேர்ந்து ஒரு திருவிழாவே நடக்கும்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம் அது. தடை முடிந்து மீன் வரத்து சீராக இருக்கும் மாதங்களில்தான் புரட்டாசியும் வருகிறது. பெருமாளுக்காகப் பலரும் அசைவத்தை விட்டிருப்பதால் கூட்டமும் குறையும், விலையும் இறங்கும். விரதம் இல்லாத வீட்டுக்கு இது லாபம். விரதம் இருப்பவர்கள் பார்த்துவிட்டு வரலாம், அதற்குக் காசில்லை.

ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தால் நெரிசல் இருக்காது. தரை ஈரமாக வழுக்கும் என்பதால் நல்ல பிடிப்புள்ள செருப்பு அவசியம். ஏலம் நடக்கும் வழியில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். அது அவர்கள் சம்பாதிக்கும் நேரம். மீன் வாங்குவதானால் கரையில் உட்கார்ந்து விற்கும் அக்காக்களிடம் வாங்குங்கள். சுத்தம் செய்து வெட்டிக் கொடுக்கவும் அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். மாலை வரை சுற்றப் போவதால் ஐஸ் பெட்டி எடுத்துப் போவது நல்லது.

ராயபுரம்: தென்னிந்தியாவின் முதல் ரயில்

காசிமேட்டிலிருந்து ஆட்டோவில் சில நிமிடங்களில் ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் ஆற்காடு நோக்கிப் புறப்பட்டது. அன்றைக்கு ‘ஆற்காடு’ என்று அழைக்கப்பட்ட நிலையம் இன்றைய வாலாஜா ரோடு. பம்பாயிலும் தானேயிலும் இதற்கு முன்பே ரயில் ஓடியது. ஆனால் அந்த முதல் நிலையக் கட்டடங்கள் இப்போது இல்லை. அதனால் இந்தியாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமை ராயபுரத்துக்கு. உயரமான தூண்களை அண்ணாந்து பார்த்தால், ஒரு காலத்தில் இது எவ்வளவு பெரிய இடமாக இருந்திருக்கும் என்று புரியும்.

பக்கத்திலேயே 1829இல் எழுந்த புனித இராயப்பர் ஆலயம். கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகோட்டிப் பிழைத்தவர்களின் ஆலயம் இது. பீட்டரைத்தான் தமிழில் இராயப்பர் என்பார்கள். அந்தப் பெயரிலிருந்தே ராயபுரம் வந்தது என்பது ஊர் வழக்கு.

அங்கிருந்து கடல் பக்கம் ஒரு தடவை பாருங்கள். மணல் இல்லை. கருங்கல் பாறைகள்தான் கொட்டிக் கிடக்கின்றன. மெரினாவில் கால் வலிக்க வலிக்க மணலில் நடந்தால்தான் கடல் வரும். ஐந்தாறு கிலோமீட்டர் வடக்கே மட்டும் ஏன் இப்படி? பிள்ளைகளிடம் கேட்க நல்ல கேள்வி.

காரணம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் துறைமுகம். நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் மட்டும் திசை மாறும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலுக்குள் கல்சுவர் கட்டித் துறைமுகம் எழுப்பினார்கள். 1881இல் வேலை முடியும் தறுவாயில் ஒரு புயல் வந்து அதைச் சிதைத்தது. மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவர் வடக்கே போகும் மணலைத் தடுத்தது. தெற்கே மணல் சேரச் சேர மெரினா அகன்றது. அதற்கு முன்பு கோட்டைச் சுவருக்குப் பக்கம் வரை கடல் வந்துகொண்டிருந்தது. வடக்கே மணல் வராததால் கடல் கரையைத் தின்றது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று குப்பங்கள் தெருத் தெருவாகக் கடலுக்குள் போயின. எஞ்சியதைக் காப்பாற்றத்தான் இந்தப் பாறைகள்.

நாம் சுண்டல் சாப்பிடும் மெரினா மணலில், இந்தக் கரைக்கு வந்திருக்க வேண்டிய மணலும் இருக்கிறது.

முற்பகல்: திருவொற்றியூர்

இனி மெட்ரோ ரயில். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான பாதை 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தண்டையார்பேட்டையில் ஏறி ‘திருவொற்றியூர் தேரடி’யில் இறங்கினால் கோயில் பக்கம்தான். வழியில் ‘காலடிப்பேட்டை’ என்று ஒரு நிலையம் வரும். இதற்கும் காலடிக்கும் சம்பந்தமில்லை. 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆளுநராக இருந்த காலட் என்பவர் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை அது. காலட் பேட்டை நம் நாக்கில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது.

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்தது இங்கேதான். மூலவர் ஆதிபுரீஸ்வரரின் கருவறை யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாட அமைப்பு. ராஜேந்திர சோழன் காலக் கற்பணி. வடிவுடையம்மன் சன்னிதியில் வள்ளலார் உருகி நின்றிருக்கிறார். திருவையாற்றிலிருந்து வந்த தியாகராஜர் இந்த அம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார்.

ஆண்டு முழுவதும் ஆதிபுரீஸ்வரர் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசத்தை எடுத்துத் தைலக்காப்பு சாத்துவார்கள். அந்தத் தரிசனம் வேண்டுமென்றால் பயணத்தைக் கார்த்திகைக்குத் தள்ளி வையுங்கள். குடையும் பொறுமையும் கூடவே தேவைப்படும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொரு மணிக்குள் உள்ளே போய்விடுவது நல்லது.

கோயிலிலிருந்து கடல் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. கப்பல் கப்பலாகச் சரக்கு அனுப்பிய வணிகர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையிலிருந்த பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே தங்குவேன் என்று நடந்தார் என்பது கதை. கரும்பு இனித்தது இங்கே. சமாதிக்கு முன்னால் கடல். தூரத்தில் இன்றைய சரக்குக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழைய முறைக்காகக் காத்து நிற்கின்றன.

நடுப்பகல்: வேலை செய்யும் ஊர்

சாப்பாட்டை முடித்துக்கொண்டு வடக்கே போகலாம். விம்கோ என்பது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’யின் சுருக்கம் ஒரு நகருக்கே பெயராகிவிட்டது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்யத் தொடங்கியவர்கள்தான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் செய்தார்கள். 1950களில் ராயல் என்ஃபீல்டு புல்லட் தயாரிப்புக்கு இங்கே தொழிற்சாலை வந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட். மேற்கே மணலியில் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை. வடக்கே அனல் மின் நிலையங்கள்.

பிள்ளைகள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, ‘நம் வீட்டில் இருக்கும் எதெல்லாம் இங்கிருந்து வந்திருக்கும்?’ என்று எழுதச் சொல்லுங்கள். குழம்பு மீன், கேஸ், பெட்ரோல், கரன்ட் என்று பட்டியல் நீளும். நகரம் முழுக்க அனுபவிப்பதை இந்த ஊர் செய்து அனுப்புகிறது. புகையையும் லாரி நெரிசலையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். இந்தச் சாலையில் பிள்ளைகளை டூ வீலரில் அழைத்துப் போக வேண்டாம். ரயில்தான் நல்லது.

மாலை: எண்ணூர் கழிமுகம்

விம்கோ நகரிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி, எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வரை போய்த் திரும்புங்கள். இடையில் ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் இந்த நாளின் மிக அழகான சில நிமிடங்கள் அவை. அகன்ற தண்ணீர், அலையாத்திச் செடிகள், கொக்குகள், சின்னச் சின்னப் படகுகள், பின்னால் வானுயர்ந்த புகைபோக்கிகள். ஆங்கிலேயர் காலத்தில் சென்னையின் வெள்ளைக்காரர்கள் படகு விடவும் இளைப்பாறவும் வந்த இடம் எண்ணூர்தான். அன்றைய சுற்றுலாத் தலம்!

திரும்பி வந்து எண்ணூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து முகத்துவாரம் போகலாம். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் மீனவர்கள் இந்தக் கழிமுகத்தை ‘ஆறு’ என்றுதான் சொல்வார்கள். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இந்த ஆறுதான் சோறு போடும். தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் ஆறு முன்பு போல் இல்லை. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து பல இடங்களில் ஆழம் குறைந்துவிட்டது. உப்பளமும் சதுப்புமாக இருந்த வெளிகளில் மண் கொட்டி மேடாக்கிக் கட்டடங்கள் வந்துவிட்டன. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றில் பரவியது. வீட்டுச் சுவர், வலை, படகு, கூழைக்கடாவின் இறகு என எல்லாவற்றிலும் கறுப்பு ஒட்டிக்கொண்டது. அதே மாதம் நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்து பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இது மீனவர்களின் பிரச்னை மட்டுமில்லை. பூண்டி ஏரியைத் திறந்தாலும் புழல் ஏரியைத் திறந்தாலும் தண்ணீர் கடைசியில் எண்ணூர் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். இந்த வாசல் அடைபட்டால் மணலியும் திருவொற்றியூரும் மூழ்கும். மழைக்கு முன்னால் வந்து பார்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஐப்பசியில் இந்தத் தண்ணீர் எங்கே போகப் போகிறது என்று இங்கே நின்று பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

கடைசியாகச் சில குறிப்புகள்

* நெட்டுக்குப்பத்தில் கடலுக்குள் நீளும் உடைந்த பழைய பாலம் போட்டோக்காரர்களிடம் பிரபலம். தூரத்திலிருந்தே எடுங்கள், மேலே ஏற வேண்டாம். பாறைகள் போட்ட கரையில் குளிக்கவும் இறங்க வேண்டாம்.
* இன்னொரு நாள் கிடைத்தால் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளும், மழைக்குப் பின் பூநாரைகளும் பார்க்கலாம். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து ஒரே நாளில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அனுமதியில்லாத படகில் யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.
* புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.
* தண்ணீர் பாட்டிலும் தின்பண்டக் கவரும் உங்களோடு வீட்டுக்கே திரும்பட்டும்.

மாலை ஆறு மணிக்கு ஆற்றுக்கு மேற்கே சூரியன் இறங்கும். பார்த்துவிட்டு ரயில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். காலையில் வாங்கிய மீன் குழம்பாகும். இரண்டு மாதம் கழித்து, மழை கொட்டும் ஒரு நாளில் டி.வி.யில் எண்ணூர் என்று செய்தி ஓடும்போது உங்கள் பிள்ளை திரும்பிப் பார்த்து, “நாம போனோமே, அந்த ஆறுதானேம்மா?” என்று கேட்கும்.