எட்டா, பதினொன்றா? ஒரு மடிப்பு சைக்கிளின் கியர் கணக்கு

சிங்கப்பூரில் மடிப்பு சைக்கிளை எம்ஆர்டி ரயிலில் ஏற்றலாம். மடித்தபின் 120 × 70 × 40 செ.மீ. அளவுக்குள் இருந்தால் போதும். அதனால்தான் அப்பாவுக்கும் ஆசை வந்தது. வேலைக்குப் போகும் பேண்ட்டில் எண்ணெய்க் கறை படக்கூடாது என்று செயினுக்குப் பதில் பெல்ட் போட்ட வண்டியாகத் தேடினார். அதுவரை பிரச்சினை இல்லை. எத்தனை கியர் என்பதில்தான் வீட்டில் பட்டிமன்றமே!

எங்கள் வீடு புக்கிட் பாத்தோக்கில். மலாய் மொழியில் புக்கிட் என்றாலே குன்று. அப்பாவுக்கோ முழங்கால் வலி. "பதினொரு கியர் இருந்தா மேடு ஏற சுலபம்டா" என்பது அவர் கட்சி. விலை அதிகம் என்பது அம்மா கட்சி. நடுவராக நான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

பெல்ட்டைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தாவ வைக்க முடியாது. எனவே கியர் முழுவதும் பின்சக்கரத்தின் ஹப்புக்குள் இருக்கும். நடுவில் சூரியப் பல்சக்கரம், அதைச் சுற்றும் கோள் பல்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். பழைய ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பில் சூரியனுக்கு 20 பல், வளையத்துக்கு 60 பல். 80/60 = 1.333 மேல் கியர். 60/80 = 0.75 கீழ் கியர். நடுவில் நேரடியாக 1. எவ்வளவு அழகான கணக்கு பாருங்கள்!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஷிமானோ ஆல்ஃபைன் 8 ஹப்பின் விகிதம் 0.527-இல் தொடங்கி 1.615-இல் முடிகிறது. வீச்சு சுமார் 306 சதவீதம். ஆல்ஃபைன் 11 ஹப்பின் வீச்சு 409 சதவீதம். கேட்டால் வாய் பிளப்போம். ஆனால் அதன் முதல் கியரும் அதே 0.527 தான்! முடிவதுதான் 2.153-இல்.

இரண்டு வண்டிக்கும் முன்னே 55 பல், பின்னே 24 பல் என்று வைத்துக்கொள்வோம். 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் உருளும். முதல் கியரில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் இரண்டுமே 1.81 மீட்டர்தான் போகும். மேட்டில் முழங்காலுக்கு இரண்டும் ஒன்றே. அதுமட்டுமா? 0.75-க்குக் கீழே எட்டில் மூன்று கியர்கள் (0.527, 0.644, 0.748). பதினொன்றில் இரண்டே (0.527, 0.681). அந்த முதல் இரண்டுக்கும் நடுவே 29 சதவீதத் தாவல் வேறு. எட்டில் அது 22 தான்.

கூடுதல் கியர்கள் எதற்குப் பயன்படும்? வேகத்துக்கு. நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் கடைசி கியரில் எட்டு 23 கி.மீ. வேகம் தரும், பதினொன்று 31 தரும். இங்கே சைக்கிள் பாதையில் வேக வரம்பே 25 கி.மீ. தானே! காசு கொடுத்து வாங்கிய கியரைப் பூட்டி வைக்கவா?

மேடு சுலபமாக வேண்டுமென்றால் கை வைக்க வேண்டிய இடம் ஹப் அல்ல, முன் பல்சக்கரம். 55-ஐ 50 ஆக்கினால் முதல் கியர் 1.65 மீட்டராகக் குறையும். கடைசி கியரில் 21 கி.மீ. வேகம் கிடைக்கும். அப்பாவுக்கு அது தாராளம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். பெல்ட்டை வெட்டி ஒட்ட முடியாது, குறிப்பிட்ட நீளங்களில்தான் வரும். பல் குறைந்தால் பெல்ட்டையும் மாற்ற வேண்டி வரலாம். இன்னொன்று, முன்பின் விகிதத்தை மிகவும் குறைத்தால் ஹப்பின் உள்ளே விழும் முறுக்குவிசை கூடும். தயாரிப்பாளர் சொல்லும் எல்லைக்குக் கீழே போகக்கூடாது.

என் தீர்ப்பு எட்டு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அப்பா பேப்பரை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பெருக்கிப் பார்த்துவிட்டு, "அந்த 50 பல்லுக்கு எவ்வளவு ஆகும்னு கேளு" என்றார்.

நீங்களும் வாங்கப் போகிறீர்களா? எத்தனை கியர் என்று கேட்காதீர்கள். முதல் கியரில் ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். முழங்காலுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.