பங்குனி ஆமைக்கு ஒரு பந்தல்

மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி கேட்ட கேள்வியிலிருந்து இது தொடங்குகிறது. படைப்பின் ஐந்தாம் நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். கடல்வாழ் உயிர்களைக் காட்டுவதற்கென்று பழைய நாட்காட்டிகளிலிருந்து வெட்டி வைத்திருந்த படங்களுள் ஒரு கடல்நாய்க் குட்டியும் இருந்தது. வெண்பனிமேல் கரிய விழிகளோடு படுத்திருந்தது. "பனியெல்லாம் உருகிடுச்சுன்னா இது எங்க போகும்?" என்றாள் அவள். திண்டிவனத்து வெயிலில் அமர்ந்துகொண்டு அதற்கு விடை சொல்ல நமக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு சொல்வதாகக் கூறித் தப்பித்துக்கொண்டோம். 2025-ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் தொடக்கம் அது.

தேடிப் படித்தபோது பின்லாந்து நாட்டுச் சைமா ஏரி கண்ணில் பட்டது. பனியூழியின் முடிவில் நிலம் உயர, கடலிலிருந்து துண்டிக்கப்பட்டு நன்னீரிலேயே தங்கிவிட்ட ஒருவகை வளையக் கடல்நாய் அங்கே வாழ்கிறது. இன்று ஏறத்தாழ 500 உயிர்களே உள்ளன. தாய் கரையோரப் பனிக்குவியலைக் குடைந்து, பிப்ரவரி மாதவாக்கில் அதனுள்ளே குட்டி ஈனும். குட்டிக்கு அக்குகைதான் தொட்டில். குளிருக்கும் நரிக்கும் அதுவே அரண். குளிர்காலம் இளகி, பனி போதாமற்போன ஆண்டுகளில் குட்டிகள் வெட்டவெளியில் பிறந்து மடிகின்றன. 2014-ஆம் ஆண்டு அப்படித்தான் பனி பொய்த்தது. அப்போது தன்னார்வலர்கள் மண்வெட்டிகளோடு உறைந்த ஏரியின்மேல் நடந்துசென்று, கிடைத்த பனியை வாரிக் குவித்து மேடுகளாக்கி வைத்தனர். தாய்க் கடல்நாய்கள் அந்த மேடுகளைத் தம்முடையனவாகவே ஏற்றுக்கொண்டு உள்ளே ஈன்றன. பனி குறையும் ஆண்டுகளில் இப்பணி இன்றும் நடக்கிறது. மனிதன் கெடுத்ததை மனிதனே மண்வெட்டியால் ஈடுகட்டப் பார்க்கும் அக்காட்சி நம்மை வெகுநேரம் விடவில்லை.

அந்த வாரத்தின் வெள்ளியன்று, சிலுவைப்பாதை முடிந்த பின், நண்பர் ஒருவரின் வண்டியில் மரக்காணம் சென்றோம். உப்பளங்களைத் தாண்டியதும் காற்றில் ஈரம் ஏறியது. நம் கடலில் கடல்நாய் இல்லை. ஆனால் பங்குனி ஆமை உண்டு. பெயரிலேயே மாதத்தைச் சுமந்துவரும் இவ்வுயிர் தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்திற்குக் குழி பறித்து, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணல் மூடி, திரும்பிப் பாராமல் கடலுக்குள் சென்றுவிடும். நாயும் நரியும் தோண்டாதிருக்க, முட்டைகளை விடியுமுன் எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். அன்று நாம் கண்ட பொரிப்பகம் நான்கு புறமும் வலை கட்டிய ஒரு சிறு மணற்பாத்தி; அவ்வளவே. அதன் ஒரு பாதிக்கு மேலே தென்னங்கீற்று வேய்ந்திருந்தார்கள்.

"கீற்று எதற்கு?" என்று கேட்டோம். "சூடு தாங்காதுங்க" என்றார் காவலிருந்தவர்.

அவர் சுருக்கமாகச் சொன்னதன் பின்னே பெரிய செய்தி இருக்கிறது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் கருவுற்ற நேரம் தீர்மானிப்பதில்லை. முட்டை கிடக்கும் மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29, 30 பாகை செல்சியசில் இருபாலும் கலந்து பிறக்கும். அதற்கு மேலே போகப் போகப் பெண்ணே மிகும். 35-ஐ நெருங்கினால் கருவே அழியத் தொடங்கும். ஆஸ்திரேலியாவின் வடபுறப் பவளத்திட்டில் பிறந்த இளம் பச்சை ஆமைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பெண்ணாயிருந்ததை 2018-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பெண் மிகுந்தால் முட்டை மிகும் என்று மகிழ்வோர் உண்டு. துணையில்லாத் தலைமுறை வரும்வரை அந்த மகிழ்ச்சி நீடிக்கும். தை மாத முட்டைக்குப் பனிக்கால மணல் கிடைக்கிறது. பங்குனி முட்டையோ சித்திரை வெயிலில் வேகிறது. சைமாவில் பனியை வாரிக் குவிக்கிறார்கள். இங்கே கீற்று வேய்கிறார்கள்.

படகின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தலை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஆமைக்குப் பந்தல் போட்டீங்க, சரி. எம்பொண்ணைக் கட்டிக் குடுத்த பொம்மையார்பாளையத்துல வூட்டு வாசல் வரைக்கும் கடல் வந்துடுச்சே, அதுக்கு யாரு பந்தல் போடறது?"

அவரிடம் நாம் வாதாடவில்லை. அவர் சொன்னது உண்மை. அதைப் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் எழுப்பிய அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. வடபுறக் கரைகள் அரிபட்டன. கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது. கல் கொட்டிய கரையில் ஆமைக்கும் ஏற இடமில்லை, கட்டுமரத்துக்கும் இடமில்லை. முதியவரின் இழப்பும் ஆமையின் இழப்பும் ஒரே மணல்தான்.

ஆமையைக் கொல்வது வெயில் மட்டுமன்று. 2025 சனவரியில் தமிழகக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்சுக்காக மேலே வந்தாக வேண்டிய உயிர் இழுவலைக்குள் அகப்பட்டால் நீரிலேயே மூச்சடைத்து இறக்கும். விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. அதற்குள் ஆமைகள் பெரும்பாலும் முட்டையிட்டு முடித்திருக்கும். மீனின் இனப்பெருக்கத்தை எண்ணி வகுத்த தடை அது. ஆமையின் நாட்காட்டி வேறு. வலையில் ஆமை தப்ப வழிவிடும் கருவி உண்டு. அதன் வழியே மீனும் போய்விடுகிறது என்கிறார்கள் படகுக்காரர்கள். கடன் வாங்கிப் படகு கட்டியவனிடம் அதை ஒரு வாக்கியத்தில் மறுத்துவிட நமக்கு மனம் வரவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த சுற்றுமடலில் பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொன்னார். பங்கில் அதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம், கைதட்டலும் பெற்றிருக்கிறோம். வலை பின்னும் கிழவர் ஒருவர் நிமிர்ந்தும் பாராமல் அதை நம் முகத்துக்கு நேரே கேட்பார் என்று எண்ணியதில்லை.

ஞாயிறன்று சிறுமிக்குச் சைமாக் கதையைச் சொன்னோம். பனியை வாரிக் குவிக்கும் மனிதர்களைப் பற்றிச் சொன்னபோது, "அவங்க கை குளிராதா?" என்று கேட்டாள். பனிக்கடலின் மற்றக் கடல்நாய்களுக்கு அப்படி யாரும் குவித்துத் தர இயலாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மூன்று வடதுருவக் கடல்நாய் இனங்களின் நிலை மேலும் மோசமாகிவிட்டதாக அறிவித்தபோது அந்தக் கேள்வி திரும்பவும் நினைவுக்கு வந்தது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, பிள்ளைகள் பதினொரு பேரை மரக்காணம் அழைத்துச் சென்றோம். அந்தி சாய்ந்ததும் ஒரு கூடை குஞ்சுகளை ஈரமணலில் விட்டார்கள். எல்லாம் கடலை நோக்கியே நகர்ந்தன. ஒன்றுமட்டும் நம் வண்டியின் விளக்கை நோக்கி வந்தது. முதியவர்தான் ஓடிவந்து, "விளக்க அணைங்க சாமி" என்று கத்தினார். அணைத்தோம். குஞ்சு சற்றே நின்றது, பிறகு திரும்பியது.