வெள்ளம் வரும் வீடு

வியட்நாமின் நடுப்பகுதியில், தா நாங் நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே, து போன் ஆறு கடலைச் சேருமிடத்துக்கு அருகில் ஹோய் ஆன் என்னும் பழைய துறைமுக ஊர் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை சீனரும் சப்பானியரும் ஐரோப்பியரும் கப்பலேறி வந்து பட்டும் பீங்கானும் நறுமணப் பொருள்களும் விற்றும் வாங்கியும் சென்ற இடம் அது. பின்னர் ஆற்றின் முகத்துவாரம் மணலால் தூர்ந்தது. பெருங்கப்பல்கள் தா நாங்குக்குத் திரும்பின. வணிகம் போனதால் ஊர் ஏழையாயிற்று. ஏழையானதால் பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டுவார் இல்லை. அவ்வாறு தப்பிப் பிழைத்த தெருக்களையே 1999ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

நான் அங்குச் சென்றது ஓர் ஐப்பசியில். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அதே மாதங்களில்தான் அங்கும் அடைமழை. சுற்றுலாச் செல்வோர் பெரும்பாலும் தவிர்க்கும் காலம். விடுமுறை அப்போதுதான் கிடைத்தது என்பதால் நான் தவிர்க்கவில்லை. ஆற்றங்கரைத் தெருவுக்கு அடுத்த தெருவில், பழைய வீடொன்றின் மாடியறையை விருந்தினர்க்கு வாடகைக்கு விட்டிருந்த குடும்பத்தாருடன் பன்னிரண்டு நாள்கள் தங்கினேன்.

அவ்வீட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். தெருவைப் பார்த்த முகப்பு குறுகியது. உள்ளே செல்லச் செல்ல நீண்டுகொண்டே போகும். முன்கூடம் ஒரு காலத்தில் கடையாக இருந்தது. நம் பழைய கடைத்தெருக்களில் எண்ணிட்ட பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திக் கடையடைப்பார்களே, அத்தகைய பலகைகளே அதற்கும் கதவு. முன்கூடத்தைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றம். செட்டிநாட்டு வீடுகளைக் கண்டவர்களுக்கு அம்முற்றம் அந்நியமாகத் தோன்றாது. முற்றத்துக்கு அப்பால் குடும்பம் வாழும் பகுதி, அதற்கும் பின்னால் சமையலறை. தூண்களும் உத்தரங்களும் பலா மரத்தால் ஆனவை. கூரையில் கவிழ்ந்தும் நிமிர்ந்தும் மாறி மாறி அடுக்கிய ஓடுகள். அவற்றின் இடுக்குகளில் பாசியும் சிறு செடிகளும். வாசற்கதவின் மேலே வட்டமாகச் செதுக்கிய இரண்டு மரத்துண்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றைக் ‘கதவின் கண்கள்’ என்கிறார்கள். வீட்டுக்குள் வருபவரை வீடு பார்க்கிறது என்பது நம்பிக்கை.

மாடித் தளத்தின் நடுவில் ஒரு சதுரத் திறப்பும் அதை மூடும் பலகையும் இருந்தன. ஏணி வைக்கவும் அது ஏற்ற இடமன்று; காற்றோட்டத்துக்காகவும் தோன்றவில்லை. அதன் பயன் என்னவென்று எட்டாம் நாள் இரவில் அறிந்தேன்.

வந்த அன்றே வீட்டு அம்மையார் என்னிடம் கேட்ட முதற்கேள்வி, “உங்கள் வயது என்ன?” என்பது. பெயரைக்கூட அதன் பிறகே கேட்டார். இது வம்புக்காகக் கேட்பது அன்று. கேட்காமல் அம்மொழியில் பேசவே இயலாது. வியட்நாமிய மொழியில் எல்லாரையும் அழைக்கத்தக்க பொதுவான ‘நீங்கள்’ இல்லை. எதிரே நிற்பவர் அண்ணனா, அக்காவா, தம்பியா, தந்தையினும் மூத்தவரா, இளையவரா என்று தெரிந்தால்தான் விளிச்சொல் கிடைக்கும். தந்தைக்கு மூத்தவர் ‘பாக்’, இளையவர் ‘சூ’. பெரியப்பா, சித்தப்பா என்று நாம் பிரித்து அழைப்பதைப் போன்றதே இது. தாயுடன் பிறந்தவருக்கும் தந்தையுடன் பிறந்தவருக்கும் வேறு வேறு சொற்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டு மூச்சுத் திணறும் நம் மாமனும் சிற்றப்பனும் இங்கே தத்தம் இடத்தில் நலமாக இருப்பதைக் கண்டு, தமிழாசிரியர் என்ற முறையில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை.

ஆனால் அவர்கள் நம்மைவிட ஒருபடி மேலே சென்றிருக்கிறார்கள். நாம் எதிரில் இருப்பவரை அக்கா என்று அழைத்தாலும் நம்மை ‘நான்’ என்றே சொல்கிறோம். அங்கே ‘நான்’ என்பதும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அம்மையாருக்கு 57 வயது, எனக்கு 54. எனவே அவர் எனக்குச் ‘சி’, அதாவது அக்கா. நான் அவருக்கு ‘எம்’, அதாவது தங்கை. “தங்கைக்குப் பசிக்கிறது” என்று சொன்னால் “எனக்குப் பசிக்கிறது” என்று பொருள். அவருடைய 83 வயது மாமியாரிடம் பேசும்போது நானே ‘கோன்’, குழந்தை, ஆகிவிடுவேன். உறவைச் சுட்டாமல் ‘நான்’ என்று சொல்ல ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது. அதை வீட்டுக்குள் பயன்படுத்தினால் விலகி நின்று பேசுவது போலாகும். ஒரே மாலையில் நான் தங்கையாகவும் குழந்தையாகவும் சித்தியாகவும் இருந்தேன்.

சித்தி என்று அழைத்தவள் அவ்வீட்டின் கடைசி மகள். பதினோராம் வகுப்பு மாணவி. திங்கட்கிழமைகளில் வெள்ளை நிற ‘ஆவ் யாய்’ உடுத்தி மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்வாள். ஆங்கிலம் ஓரளவு அறிந்த அவளே எனக்கு மொழிபெயர்ப்பாளர். அவள் எனக்கு ‘மா’ என்ற ஒலியை ஆறு தொனிகளில் சொல்லிக் காட்டினாள். தொனிக்கேற்பப் பேய், தாய், ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என ஆறு பொருள்கள். தாயை அழைக்கப்போய்க் குதிரையை அழைத்தேன் என்று பாட்டி நெடுநேரம் சிரித்தார். அத்தொனிகளை எல்லாம் இலத்தீன் எழுத்தின் மேலும் கீழும் இட்ட குறிகளால் எழுதுகிறார்கள். அவ்வெழுத்துமுறையை ஐரோப்பியப் பாதிரிமார்கள் இப்பகுதியிலேயே உருவாக்கத் தொடங்கினர். அலெக்சாந்தர் தெ ரோட்சு என்பார் தொகுத்த அகராதி 1651இல் உரோமில் அச்சாயிற்று.

காலை நேரம் சந்தையில் கழியும். ஒரு தண்டின் இருமுனைகளிலும் கூடைகளைத் தொங்கவிட்டுக் காவடி போலத் தோளில் சுமந்து, ஓலைத்தொப்பி அணிந்த பெண்கள் விரைந்து வருவார்கள். தண்டின் அசைவும் கால்களின் அசைவும் ஒன்றுபோலவே இருக்கும். வள்ளைக்கீரை, வாழைப்பூ, மஞ்சள், புளி, இளநீர் என்று கூடைக்குள் பாதிக்கும் மேல் எனக்குத் தெரிந்த பொருள்களே. அவ்வட்டாரத்துக்கே உரிய ‘மீ குவாங்’ என்னும் உணவில் மஞ்சள் கலந்த அரிசி நூடுல்ஸின்மேல் வறுத்த வேர்க்கடலையும் நொறுக்கிய அரிசி அப்பளமும் தூவித் தருகிறார்கள். ‘கவ் லாவ்’ என்ற இன்னொரு நூடுல்ஸ் உண்டு. ஊரிலுள்ள பா லே என்னும் பழங்கிணற்றின் நீரும், கடலுக்குள் இருக்கும் சாம் தீவின் மரச்சாம்பலும் சேர்ந்தால்தான் அதன் சுவை வரும் என்று ஊரார் கூறுவர். வேறு கிணற்று நீரில் செய்தால் தெரியுமா என்று கேட்டேன். “எங்களுக்குத் தெரியும்” என்றார் அம்மையார். அதற்குமேல் விவாதிக்க இடமில்லை.

மீ சன் கோயில்களையும் ஒருநாள் பார்த்து வந்தேன். நான்காம் நூற்றாண்டிலிருந்தே சம்பா அரசர்கள் சிவனுக்குக் கோயில் எழுப்பிய அப்பள்ளத்தாக்கைப் பற்றி எழுதத் தனிக்கட்டுரை வேண்டும். செங்கல் சுவரில் கொடி படர்ந்திருந்தது. போர்க்காலத்தில், 1969இல், விழுந்த குண்டுகளின் பள்ளங்கள் புல் மூடிக் கிடந்தன.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் திரும்பியபோது தா நாங்கில் வேலை பார்க்கும் மூத்த மகன் வந்திருந்தான். முற்றத்தில் எல்லாரும் அமர்ந்திருக்க, நடுவில் ஒரு தாள் இருந்தது. வெளியூர்த் துணி வணிகர் ஒருவர் வீடு முழுவதையும் நெடுங்காலக் குத்தகைக்குக் கேட்கிறாராம். பழைய தெருக்களின் வீடுகள் பலவும் இப்படித்தான் கடைகளாகிவிட்டன. பகலில் விளக்கும் கூட்டமும். இரவில் கடையடைத்தபின் உள்ளே உறங்க ஆளில்லை. குத்தகைத் தொகை வந்தால் ஊருக்கு வெளியே மேட்டுநிலத்தில் புதுவீடு கட்டலாம் என்றான் மகன். பாட்டி ஒரே கேள்வி கேட்டார்: “தண்ணீர் வரும்போது அந்த வணிகர் எங்கே இருப்பார்?”

நடுக்கூடத்துத் தூணை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். அதில் கிடைமட்டமாகக் கோடுகள், ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆண்டு. உச்சியில் 1964; என் கையை உயர்த்தினாலும் எட்டாத உயரம். அதற்குக் கீழே 1999. இன்னும் கீழே பல. மேற்கே உள்ள துரோங் சன் மலைத்தொடரில் பெய்யும் மழை முழுவதும் இந்த ஆறுகள் வழியாகவே கடலுக்கு வந்தாக வேண்டும். மலைக்கும் கடலுக்கும் இடையே தொலைவு குறைவு. அணைகளும் நிரம்பித் திறக்கப்பட்டு, அதே வேளையில் கடல் ஏற்றமும் சேர்ந்தால், நீர் போவதற்கு வழியின்றித் தெருக்களில் ஏறும்.

மகன் பதில் சொல்லவில்லை. சொன்னவர் அம்மையார். “அத்தை கேட்பது சரி. ஆனால் இந்த வீட்டுக்கு மருமகளாய் வந்து 35 ஆண்டுகளாகத் தண்ணீர் வரும்போதெல்லாம் பொருளைத் தூக்கியவளும் சேற்றைக் கழுவியவளும் நான். எனக்கு முழங்கால் வலிக்கிறது.” மகள் இதை எனக்கு மெல்லிய குரலில் மொழிபெயர்த்தாள். பாட்டி மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தாள் மடிக்கப்பட்டது.

மழை நான்கு நாள்களாக விடவில்லை. மறுநாள் மாலை, கம்பத்து ஒலிபெருக்கிகள் ஆற்றின் அளவை அறிவிக்கத் தொடங்கின. யாரும் பதறவில்லை. தச்சரான வீட்டுத் தலைவர் மாடித்தளத்தின் சதுரப் பலகையை நீக்கிக் கயிறும் கப்பியும் பொருத்தினார். அரிசி மூட்டை, குளிர்பதனப் பெட்டி, தையல் இயந்திரம், மகளின் பாடநூல்கள் என ஒவ்வொன்றாகத் திறப்பு வழியே மேலே ஏறின. அடுத்த வீட்டு இளைஞர் இருவர் அழைக்காமலே வந்து மோட்டார் சைக்கிளை மேட்டுத்தெருவில் விட்டுவிட்டு வந்தனர். அவர்கள் வீட்டுப் பெட்டிகளை நாங்கள் போய்த் தூக்கினோம். நானும் கயிறு இழுத்தேன்.

முன்னோர் மாடத்திலிருந்த படங்களையும் தூபக்கிண்ணத்தையும் மட்டும் பாட்டி வேறு யாரையும் தொடவிடவில்லை. தூபக்கிண்ணத்தை நினைத்தபோதெல்லாம் நகர்த்துவது வழக்கமில்லை. ஊதுபத்தி ஏற்றி, தண்ணீர் வருகிறது, சிறிது நேரம் மேலே வந்து இருங்கள் என்று கணவரிடமும் மாமனாரிடமும் சொல்லிவிட்டு, அது எரிந்து முடியும்வரை காத்திருந்து எடுத்தார். அதற்குள் முற்றத்தில் நீர் கணுக்கால் அளவு ஏறியிருந்தது. மருமகள் ஒரு கையால் மாமியாரையும் மறுகையால் கிண்ணத்தையும் தாங்கிப் படியேற்றினார்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். ஓரிரவும் ஒரு பகலும் மாடியில் இருந்தோம். திறப்பின் வழியே விளக்கைத் தாழ்த்திப் பார்த்தால், கீழ்வீட்டில் பழுப்பு நீர் அசைவற்று நின்றது. தெருவில் படகுகள் சென்றன. எதிர்வீட்டார் சன்னலுக்குச் சன்னல் கயிறு கட்டிப் பயற்றங்கஞ்சி அனுப்பினர். தூணில் நீர் என் இடுப்பளவுக்குமேல் ஏறவில்லை. இது சிறிய வெள்ளம் என்றார் வீட்டுத் தலைவர்.

நீர் வடியத் தொடங்கியதும் எல்லாரும் இறங்கினார்கள். ஓய்வெடுத்த பின் கழுவலாம் என்பது அங்கே நடவாது. சேறு காய்ந்துவிட்டால் மரத்தில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். நீர் இறங்கும்போதே அதே நீரை வாரி இறைத்துச் சுவரையும் தரையையும் தேய்த்தால், சேறு வெள்ளத்தோடு வெளியேறும். எனவே முழங்கால் ஆழத்தில் நின்றே துடைப்பத்தால் தள்ளினோம். மாடியிலிருந்து பார்த்தபோது அழகாக இருந்த அவ்வீடு, துடைப்பத்தைப் பிடித்த இரண்டாம் மணிநேரத்தில் எனக்கு வேறாகத் தெரிந்தது. மரபைக் காக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை விருந்தினருக்கும் உண்டு. ஆயினும் சேற்றைத் தள்ளுபவரின் முழங்காலைக் கேட்டுவிட்டுச் சொல்வது முறை. அன்று பாட்டி படியில் அமர்ந்து கட்டளையிடவில்லை. நாற்காலியின் கால்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து மருமகளிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தூணின் அடி ஓரிடத்தில் உளுத்திருப்பதை வீட்டுத் தலைவர் உளியால் தட்டிக் காட்டினார். அப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்துப் புதுமரம் பொருத்த ஒரு மாதம் ஆகுமாம். செலவைப் பற்றி மகனிடம் தொலைபேசியில் நெடுநேரம் பேசினார். நான் புறப்பட்ட நாளில் அத்தாள் மாடியில், தையல் இயந்திரத்தின் அடியில், கையெழுத்தின்றி இருந்தது.

மறு ஆண்டு மகளிடமிருந்து செய்தி வந்தது. முன்கூடத்தை மட்டும் துணிக்கடைக்கு விட்டிருக்கிறார்கள். அதுவும் மழைமாதங்கள் நீங்கலாக. குடும்பம் முற்றத்துக்கு அப்பால் வாழ்கிறது. கடை வாடகையில் தூணுக்கு அடிமரம் மாற்றியாயிற்று. வெள்ளம் கழுவ இரண்டு ஆள்களைக் கூலிக்கு அமர்த்த வேண்டும் என்பது அம்மையார் விதித்த நிபந்தனை. பாட்டி அதற்கு ஒப்புக்கொண்டார். செய்தியோடு ஒரு படமும் இருந்தது. பழைய தூண், அதன் அடியில் வெளிர்நிறப் புதுமரம், அதற்குச் சற்று மேலே பென்சிலால் இட்ட ஒரு கோடு, அருகில் அவ்வாண்டின் எண். எழுத்து அவளுடையது.