புதுச்சேரியில் எத்தனை ராத்திரி?

வல்லக்கோட்டைக்கு நீங்கள் வந்திருக்கக்கூடும். வந்திருந்தால், ஏழடி உயரத்தில் நிற்கும் முருகனை நிமிர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அருணகிரிநாதர் பாடிய ஸ்தலம் என்று யாரோ சொல்லக் கேட்டு, பிரகாரத்தைச் சுற்றி வந்து, ஒரு மணி நேரத்துக்குள் காரில் ஏறியிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. கிருத்திகைக் கூட்டமும் அப்படித்தான் செய்கிறது. இந்த ஊரில் ராத்திரி தங்குகிறவர்கள் இரண்டே வகை. இங்கேயே பிறந்தவர்கள், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்து குடியேறியவர்கள். நாங்கள் இரண்டாவது வகை.

இப்படிப்பட்ட ஒரு மணி நேர ஊரில் வசித்துக்கொண்டு, வேறோர் ஊரில் எத்தனை நாள் தங்குவது என்று பதினைந்து நாள் வாதாடினோம் என்றால் நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாகிறது. தேனிலவு என்பதைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. அவருக்குக் கிடைத்த லீவு முழுவதும் கல்யாணச் சடங்குகளிலும் மறுவீட்டு விருந்துகளிலும் கரைந்து போயிற்று. 'அப்புறம் போகலாம்' என்றார். அந்த அப்புறத்துக்குள் ஒரு பெண் குழந்தை பிறந்து, அதற்கும் ஆறு வயதாகிவிட்டது.

அவருக்கு, காருக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம். மூன்று ஷிப்டு, வாரத்துக்கு ஒன்று மாறும். காலை ஷிப்டு என்றால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். நான் ஏழரைக்குக் கிளம்பிச் சென்னைக்கு வந்து, இந்தப் பத்திரிகை ஆபீஸில் வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்ப ராத்திரி எட்டாகிவிடும். அவர் எட்டரைக்குப் படுத்தால்தான் நாலரைக்கு எழுந்திருக்க முடியும். பகல் ஷிப்டு என்றால், நான் வீடு வரும்போது அவர் தொழிற்சாலையில். அவர் வரும்போது நான் தூக்கத்தில். ராத்திரி ஷிப்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காலையில் நான் செருப்பு மாட்டுகிற நேரத்தில் அவர் செருப்பைக் கழற்றுவார். வாசற்படியில் எங்கள் சம்பாஷணை இப்படி இருக்கும்: "பால் பொங்கிடுச்சு, அடுப்பைத் துடைக்கல." "சரி." "காஸ் புக் பண்ணிட்டேன்." "சரி."

சண்டை கிடையாது. சண்டை போடவும் இரண்டு பேர் ஒரே சமயத்தில் விழித்திருக்க வேண்டுமல்லவா?

இந்த நிலையில்தான் போன தை மாதம் அவருக்குச் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்தது. முன்னால் ஞாயிற்றுக்கிழமை வாராந்தர விடுமுறை. எங்கே போகலாம்? ஊட்டி என்றால் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி பஸ்ஸிலேயே போய்விடும். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. புதுச்சேரி அப்படியல்ல. சிங்கபெருமாள்கோவில் போய் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால், செங்கல்பட்டு, திண்டிவனம் என்று மூன்று மணி நேரத்தில் கடற்கரையில் நிற்கலாம்.

"பாண்டிச்சேரிக்கா?" என்று மாமியார் கேட்ட கேள்வியில் ஊர்ப் பெயரைவிடக் கேள்விக்குறி பெரிதாக இருந்தது. அவருடைய சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் பலர் அந்த ஊருக்குப் போவது கடலைப் பார்ப்பதற்காக அல்ல என்பது உலகறிந்த விஷயம். "நானும்தான் கூடப் போறேன், அத்தை" என்ற பிறகுதான் முகம் தெளிந்தது. தெளிந்த உடனே அடுத்த தீர்ப்பு: "காலையில போயிட்டு ராத்திரி வந்துடலாமே! மூணு மணி நேரத்து ஊருக்கு ரூம் எதுக்கு?"

நான் பத்திரிகைக்காரி, வெறுங்கையோடு வாதாடலாமா? இத்தாலியில் வெனிஸ் நகரம் இருக்கிறதே, உலகத்துக் காதலர்களெல்லாம் படகில் போக ஆசைப்படுகிற ஊர், அங்கே 2024 ஏப்ரல் 25-லிருந்து கூட்டமுள்ள நாட்களில் காலையில் வந்து மாலையில் போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ராத்திரி தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது என்று எடுத்துச் சொன்னேன்.

"ராத்திரி தங்கினா ரூம் வாடகை வாங்கமாட்டானா?" என்றார் மாமியார். வெனிஸ் நகரசபை இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லுமோ, நானறியேன்.

பக்கத்து வீட்டு அக்கா, சனி ஞாயிறு இரண்டு நாள் போதும் என்றார். அவருடைய சிநேகிதர் ஒருவர், ஷிப்டு அட்டவணை போலவே மணிவாரியாக ஒரு திட்டம் தயாரித்து அனுப்பினார். காலை ஒன்பதுக்கு ஆசிரமம், ஒன்பதே முக்காலுக்கு மணக்குள விநாயகர், பதினொன்றுக்கு ஆரோவில், மாலை நாலுக்குச் சுண்ணாம்பாறு படகு. அவர் கணக்கில் ஒன்றரை நாளில் புதுச்சேரி தீர்ந்துவிடுகிறது. எனக்கோ நாலு ராத்திரி வேண்டும் என்று ஆசை. இந்த மந்திராலோசனையை முடித்து வைத்தவள் என் பெண். "எத்தனை ராத்திரி நான் பாட்டிகிட்டப் படுக்கணும்?" என்று கேட்டு, விரல்களை மடக்கிப் பார்த்து, "மூணுன்னா சரி" என்றாள். வரும்போது கோயில் யானையைப் போட்டோ எடுத்து வரவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டாள். மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரிலேயே இறந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு ஏதாவது கொண்டுவருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கிளம்பினோம். இதை மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சென்னையும் பெங்களூரும் திரண்டு அந்தச் சின்ன ஊருக்குள் இறங்குகின்றன. அறை வாடகை ஏறிவிடும். சாப்பாட்டுக் கடை வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். ஞாயிறு மாலை அவர்கள் திரும்புகிற எதிர்த்திசையில் நாம் போனால், ஊர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு நம்மை வரவேற்கிறது.

பார்ப்பதற்கு மட்டுமென்றால் மாமியார் சொன்னதுதான் சரி. ஒரு நாள் தாராளம். பழைய ஊரை ஒரு கால்வாய் வகுந்துகொண்டு போகிறது. கிழக்கே கடலைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. கடலோரத்திலிருந்து கால்வாய்க்குப் பதினைந்து நிமிஷ நடை. கிழக்கே மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளுமாக வீதிகள். ஒவ்வொரு சுவருக்கு முன்னாலும் கல்யாணமாகப் போகிற ஒரு ஜோடி. புகைப்படக்காரர் ஒரு பிள்ளையையும் பெண்ணையும் கைகோத்து நடக்கச் சொல்லி ஐந்து தடவை திரும்ப வரவழைத்ததை நாங்கள் எண்ணினோம். அந்தப் பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. "இவங்களுக்கு ரெண்டு நாள் போதும்" என்றார் என் கணவர்.

மேற்கே வைசியாள் வீதிப் பக்கம் போனால் எனக்குப் பிடித்த வீடுகள் இருக்கின்றன. கீழே நம்முடைய திண்ணையும் தூண்களும். மாடியில் பிரெஞ்சு வளைவு ஜன்னல்கள். மாமியார் வீட்டின் மேல் மருமகள் தன் இஷ்டப்படி மாடி கட்டிக்கொண்டது போல! இரண்டும் சேர்ந்து அழகாகத்தான் இருக்கிறது. 1761-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்துப் போட்ட ஊர் இது. இன்றைக்கு நாம் பழமை என்று வியப்பதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு எழும்பியது.

முதல் ராத்திரியை நான் மறக்கமாட்டேன். அவர் அதற்கு முந்தின வாரம் ராத்திரி ஷிப்டு. மூன்று மணிக்கு விழித்துப் பார்த்தால், ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "தூக்கம் வரல. இந்நேரம் டீ பிரேக்" என்றார். சரி, வாருங்கள் என்று கடற்கரைக்குப் போனோம். அந்தச் சாலை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். மாலை ஆறிலிருந்து மறுநாள் காலை வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், சிவப்புத் தொப்பி போட்ட ஒரு போலீஸ்காரர், நாங்கள் இருவர். தெற்கே துறைமுகம் கட்டிய பிறகு மணல் வரத்து நின்று, கடல் கரையை அரித்து, அதைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டிவைத்தார்கள். சில வருஷங்களுக்கு முன்பு வடக்கே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தபின் ஒரு பக்கம் மணல் திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து சூரியன் எழும்புவதைப் பார்த்தோம். பேசினோமா என்று கேட்பீர்கள். இல்லை. என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. வாசற்படியில் பேசுகிற விஷயங்கள் மூன்று நிமிஷத்தில் தீர்ந்துவிட்டன.

திங்கட்கிழமை பகல் முழுவதும் தூங்கினோம். அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை என்பது சௌகரியமாய்ப் போயிற்று. சாயங்காலம் மாமியார் போனில், "என்ன பார்த்தீங்க?" என்றார். "தூங்கினோம், அத்தை." "அதை இங்கேயே தூங்கியிருக்கலாமே!" தூங்கியிருக்க முடியாது. எங்கள் தெருவில் பகலில் லாரிச் சத்தம். லாரி ஓய்ந்தால் காய்கறி வண்டி.

மணிவாரித் திட்டம் போடுகிறவர்கள் இந்த ஒரு நாளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உடம்பு ஊர் வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்குள் ஓடுகிற கடிகாரம் ஒரகடத்திலேயே நிற்கிறது. எங்களுக்கு அது வந்து சேர ஒரு பகலும் இரண்டு ராத்திரியும் பிடித்தன. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி ஞாயிறு திரும்புகிறவர்களுக்கு அது வந்து சேர்வதற்குள் திரும்பும் பஸ் வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீட்டுக்குப் போனோம். 1908-ல் கைதுக்குத் தப்பி வந்தவர், பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தார். 1918-ல் புறப்பட்டு, பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததுமே கைதானார். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4-ஆம் தேதி வந்து இறங்கினார். 1950-ல் இங்கேயே காலமானார். இவர்களெல்லாம் அறை வாடகை விசாரித்துக்கொண்டு வந்தவர்கள் அல்ல. என் நினைப்பெல்லாம் செல்லம்மாளின் மேலேயே இருந்தது. வேவுகாரர்கள் தெருவில் நிற்க, கையில் காசு இல்லாமல், இரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் எத்தனை நாள் என்று எப்படித்தான் எண்ணியிருப்பார்! கணவர் வீட்டிலேயே இருந்தார், ஆனால் கவிஞர். அதிலும் ஷிப்டு உண்டு என்றுதான் தோன்றுகிறது.

ஆரோவில்லுக்குப் போகவில்லை. மாத்ரி மந்திருக்குள் போய் அமர முன்னதாகவே பதிவு செய்திருக்க வேண்டும். சுண்ணாம்பாறும் போகவில்லை. அந்தச் சிநேகிதர் கேட்டால் வருத்தப்படுவார்.

அன்று சாயங்காலம் குழந்தை போனில் முகத்தைக் காட்டிச் சிரித்தாள். அவர் சட்டென்று, "முன்பல்லு எங்கே?" என்றார்.

"அது அன்னிக்கே விழுந்துடுச்சேப்பா!"

"என்னிக்கு?"

"பத்து நாளாச்சு" என்றேன் நான்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடற்கரைக்குப் போய் அதே கற்களில் உட்கார்ந்தோம். "ஜெனரல் ஷிப்டு கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றார். கேட்டால் ராத்திரிப் படி போய்விடும். மிகைநேரச் சம்பளமும் குறையும். மாதம் ஐயாயிரம் ரூபாய் வித்தியாசம். மனைக்கு வாங்கிய கடன் இருக்கிறது. பள்ளிக்கூடக் கட்டணம் இருக்கிறது. நான் வேலையை விடுவதா, அவர் ஷிப்டை விடுவதா என்ற பேச்சும் வந்தது. இரண்டு வருஷமாக இருவர் மனத்திலும் இருந்த பேச்சு அது. குரல் கொஞ்சம் உயர்ந்தது. சுண்டல் விற்கிற பையன் எங்களைத் தாண்டிப் போய்விட்டான். பிறகு சமாதானமாகி, போனில் கணக்குப் போட்டோம். பால், காஸ், கடன், சீட்டு. தேனிலவுக்கு வந்த ஜோடிகள் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாங்கள் சீட்டுப் பணத்தைக் கழித்துக்கொண்டிருந்தோம். எட்டு வருஷத்தில் அவ்வளவு நேரம் நாங்கள் பேசியதில்லை. ஒன்பதரை மணிக்குத் துவங்கியது, அறைக்குத் திரும்பும்போது பன்னிரண்டு.

புதன்கிழமை காலை, வாரநாள் வாடகையில் இன்னும் ஒரு நாள் இருக்கலாமே என்றார் விடுதிக்காரர். இருவரும் ஒரே மூச்சில் வேண்டாம் என்றோம். ஊர் சலித்துவிடவில்லை. வீட்டில் ஒருத்தி மூன்றாவது விரலையும் மடக்கிவிட்டாள்.

அவளுக்கு யானைப் படத்துக்குப் பதிலாக மண்ணில் செய்த ஒரு யானை வாங்கினோம். லட்சுமியைப் பற்றியும் சொன்னேன். "செத்துப் போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, மண் யானைக்கு லட்சுமி என்றே பெயர் வைத்துவிட்டாள்.

வந்த வாரமே ஜெனரல் ஷிப்டு கேட்டு மனுக் கொடுத்தார். இதை எழுதுகிற இன்றுவரை பதில் வரவில்லை. இந்த வாரம் அவருக்கு ராத்திரி ஷிப்டு. பெண்ணுக்கு அடுத்த பல் ஆட ஆரம்பித்திருக்கிறது; காலையில் வாசற்படியில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.