முழங்கால்களுக்கு நடுவே

தோழி ஒருத்தி வாட்ஸப்பில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் அனுப்பியிருந்தாள். ஒரே மாதிரி உடையணிந்த பெண்கள், ஆளுக்கொரு வாத்தியம். அதில் ஒருத்தி உட்கார்ந்து, கால்களை அகட்டி, ஒட்டிப் பிறந்த இரண்டு குட்டி மத்தளங்களை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கியிருந்தாள். அதற்குப் பெயர் பொங்கோ என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். படத்தைப் பார்த்ததும் என் காதில் விழுந்தது பாட்டியின் குரல்தான்: "பொம்பளப் புள்ள காலை ஒடுக்கி உக்காருடி."

அந்தக் குழுவின் பெயர் அனகவோனா. கியூபாவின் தலைநகர் ஹவானாவில் 1932இல் தொடங்கியது. தொடங்கியவள் கொன்செப்சியோன் காஸ்த்ரோ, வீட்டில் கூச்சிட்டோ. பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவள். சர்வாதிகாரி மச்சாடோ பல்கலைக்கழகத்தை இழுத்து மூடிவிட, படிப்பு பாதியில் நின்றது. அப்பா மளிகைக் கடைக்காரர், சீன வம்சாவளி. வீடு நிறையப் பெண் பிள்ளைகள். கையில் தொழில் இல்லை, ஊரில் பணம் இல்லை. தங்கைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு 'சோன்' குழு ஆரம்பித்தாள். காலப்போக்கில் பதினொரு சகோதரிகளும் அதில் வாசித்தார்கள்.

சோன் என்பது கியூபாவின் கிழக்குப் பகுதியில் பிறந்த ஆட்ட இசை. ஸ்பானியக் கிதார் வழிவந்த நரம்பு வாத்தியங்களும் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த தாளமும் சேர்ந்தது. முதலில் ஒருவர் நிதானமாகப் பாட்டைச் சொல்வார். பிறகு 'மொந்துனோ' என்கிற பகுதி வரும். பாடகர் ஓர் அடி எடுத்துக் கொடுக்க, குழு திரும்பத் திரும்ப ஒரே பதிலைப் பாடும். ஆடுகிறவர்களுக்கு அங்கேதான் சூடு பிடிக்கும். இவ்வளவுக்கும் அடியில், கிளாவே எனப்படும் இரண்டு மரக்குச்சிகள் ஐந்து தட்டுகளைத் தட்டிக்கொண்டே இருக்கும். மூன்று, பிறகு இரண்டு. மற்ற எல்லா வாத்தியமும் அதற்குக் கட்டுப்பட்டது.

இந்த இசையைக் கறுப்பினத்து ஏழைகளின் சத்தம் என்று மேட்டுக்குடி முதலில் ஒதுக்கியது. 1920களில் செக்ஸ்டெட்டோ ஹவானெரோ போன்ற குழுக்கள் அதை நகரத்தின் நாகரிகமாக்கின. அந்தக் குழுக்களில் வாசித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வீட்டுக் கூடத்தில் பியானோ வாசிக்கலாம், பெண்ணுக்கு அது நகை மாதிரி. டிரம்பெட்டும் பொங்கோவும் அப்படியல்ல. ஊதினால் கன்னம் உப்பும். அடித்தால் தோள் ஆடும், வேர்க்கும். காஸ்த்ரோ சகோதரிகளில் பொங்கோவை எடுத்துக்கொண்டவள் மில்லோ.

'பாரம்பரிய கியூப இசையைக் காத்துவரும் குழு' என்று அனகவோனாவை இப்போது அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்கு அந்த வாக்கியம் கொஞ்சம் இடிக்கிறது. எந்தப் பாரம்பரியம்? இவர்களை உள்ளே விட மாட்டேன் என்றதும் அதே பாரம்பரியம்தானே. கியூபாவில் புனிதச் சடங்கு செய்த பாட்டா முரசுகளைப் பெண்கள் தொடக்கூடாது என்ற விதி இன்றும் பலரால் கடைப்பிடிக்கப்படுகிறது.

வெற்றியும் சுலபமாக வந்ததல்ல. வந்த வெற்றியும் சுத்தமானதல்ல. ஹவானாவில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே திறந்தவெளிக் கஃபேக்கள் இருந்தன. பெண்கள் மேடையில் இருந்தால் கூட்டம் வரும் என்று முதலாளிகள் கண்டுகொண்டதும் பெண் குழுக்கள் பெருகின. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பலர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வந்தவர்களை நாற்காலியிலிருந்து எழுப்பி ஆடவிட்டது வாசிப்பு. ஒரே இரவில் சோனும் ஜாஸும் வாசிக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொருத்தியும் இரண்டு மூன்று வாத்தியம் கற்றார்கள். 1937இல் இசைத்தட்டுக்குப் பதிவு செய்தார்கள். நியூயார்க் போனார்கள், 1938இல் பாரிஸ். அந்தப் பயணங்களில் அவர்களோடு பாடிய கிராசியேலா, 1943இல் நியூயார்க்குக்கே போய் மச்சிட்டோவின் புகழ்பெற்ற குழுவில் பாடகியானார். 1950களின் தொடக்கத்தில் அனகவோனாவில் பாடிய ஒரு இளம்பெண் ஒமாரா போர்த்துவோந்தோ. பின்னாளில் 'புவனா விஸ்தா சோஷியல் கிளப்' இசைத்தொகுப்பு உலகெங்கும் விற்றபோது, முதிய ஆண்களுக்கு நடுவே தனித்துத் தெரிந்த பெண் அவர்தான். பழைய கியூப இசை என்றால் தாத்தாக்கள் என்றே உலகம் நினைத்துக்கொண்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சகோதரிகள் அந்தக் குழுவை விடாமல் நடத்தியதைக் கேட்பாரில்லை.

குழுவின் பெயரையும் சொல்ல வேண்டும். அனகவோனா, கியூபாவுக்குப் பக்கத்துத் தீவான ஹிஸ்பானியோலாவின் ஒரு பகுதியை ஆண்ட தைனோ பழங்குடித் தலைவி. பாட்டுக் கட்டுவதில் பெயர் பெற்றவள். ஸ்பானியர்கள் அவளைத் தூக்கிலிட்டார்கள். ஆட்டக் குழுவுக்கு வைக்கிற பெயரா இது? கூச்சிட்டோ வைத்தாள்.

1959 புரட்சிக்குப் பிறகு இசைக்கலைஞர்கள் அரசுச் சம்பளம் வாங்கினார்கள். 1980களில் மூத்த சகோதரிகள் ஓய்வுபெறும் நேரத்தில் ஜார்ஜியா, டோரா அகிர்ரே என்ற இன்னொரு சகோதரி ஜோடி உள்ளே வந்தது. ஜார்ஜியா பாஸ் கிதாருடன் தலைமையையும் ஏற்றார். அவர்கள் தலைமுறைப் பெண்கள் இசைப்பள்ளியில் முறையாகப் படித்தவர்கள். சோனோடு சல்சாவும் டிம்பாவும் வாசிக்கிறார்கள். பழையது அப்படியே இல்லையே என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. கூச்சிட்டோவும் ஒரே இரவில் இரண்டும் வாசித்தவள்தான்.

நான் ஏழு வருடம் மிருதங்கம் கற்றேன். "கை காப்புக் காய்ச்சிடும், எவன் கட்டிப்பான்" என்ற பாட்டியை அம்மா சமாளித்தாள். பதினேழு வயதில் ஒரு கோயில் கச்சேரி. பக்கவாத்தியம் பெண் என்று தெரிந்ததும் பாடகர் மேடையேற மாட்டேன் என்றார். சண்டை எதுவும் நடக்கவில்லை. என் ஆசிரியர் எனக்குப் பதிலாக ஒரு பையனை அனுப்பினார், நான் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டேன். கைத்தட்டக்கூடச் செய்தேன். அதைத்தான் இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரை அல்ல, அந்தக் கைத்தட்டலை.

எனக்கு இல்லாமல் போனது திறமையா, துணிச்சலா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். படத்தைப் பார்த்தபோது வேறொன்று தோன்றியது. மில்லோவுக்குப் பக்கத்தில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருத்தியை இறக்கிவிட்டு ஒரு பையனை ஏற்ற அந்த மேடையில் இடமில்லை.

அவர்கள் 1937இல் பதிவு செய்த பாட்டைச் சமையலறையில் போட்டுவிட்டு, இரண்டு கரண்டிகளால் கிளாவே தட்டிப் பார்த்தேன். ஆதி தாளமே ரத்தத்தில் ஊறியவளுக்கு இது எதற்கும் பிடிபடவில்லை. மூன்றாவது தட்டு எப்போதும் நான் எதிர்பார்க்காத இடத்தில் விழுந்தது. மகள் சிரித்தாள். கரண்டிகளை வாங்கித் தானும் தட்டி, அவளும் தவறவிட்டாள்.

போன வாரம் பரணிலிருந்து மிருதங்கத்தை இறக்கினேன். வார் தளர்ந்து, வலந்தலைத் தோல் கிழிந்திருந்தது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூட்டு மாத்தணும்மா. யாருக்கு, பையனுக்கா?" என்றார்.

"எனக்குத்தான்."

அவர் தலை நிமிரவில்லை. பத்து நாள் ஆகும் என்றார். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.