குதிரை இல்லாத பந்தயம்

இஷாத் தொழுகை முடிந்து நான் இல்லம் திரும்பும் வேளையில், சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் விசைத்தறிகளின் ஓசை மட்டுமே எஞ்சியிருக்கும். சென்ற ஆண்டு முதல் அவ்வோசையோடு மற்றோர் ஓசையும் என் செவியில் விழலாயிற்று. அது என் வீட்டு மாடியறையிலிருந்து வரும் பந்தயக் காரின் உறுமல். பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு பயிலும் என் இளைய மகன், நான் விடைத்தாள் திருத்தும் பழைய மேசையில் ஸ்டீயரிங் சக்கரம் ஒன்றைத் திருகி இறுக்கி, கணினித் திரையின் முன் அமர்ந்து கார் ஓட்டுவான். "இது வீணான லஹ்வு அன்றி வேறென்ன?" என்று எத்தனையோ இரவுகள் கடிந்துகொண்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை, கதவைச் சாத்திக்கொண்டான். தந்தைக்கும் மகனுக்கும் இடையே சாத்தப்படும் கதவு எத்துணைக் கனமானது என்பதைப் பட்டவரே அறிவர்.

ஒருநாள் அவனாகவே என்னிடம் வந்தான். "அத்தா, ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றான். தமிழ்நாட்டிலும் வளைகுடாவிலும் மலேசியாவிலுமாக உள்ள இருபது இளைஞர்கள், இணையத்தின் வழியே வாரமொரு பந்தயம் வீதம் எட்டு வாரத் தொடர் ஒன்றை நடத்த இருக்கிறார்களாம். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு, சேர்ந்த தொகை முழுவதையும் வென்றவனுக்கே கொடுத்துவிடலாம் எனச் சிலர் சொல்கிறார்களாம். "இது சூதாகுமா, அத்தா?" என்று கேட்டான். மார்க்க அச்சம் இவனிடம் இல்லையென்று எண்ணியிருந்த நான் நாணிப்போனேன்.

"நீங்கள் நடத்துவது என்னவென்று முதலில் எனக்கு விளக்கு" என்றேன். அவன் விளக்க விளக்க, நாற்பது ஆண்டுகளுக்கு முன் மதரஸாவில் ஓதிய கிதாபின் பக்கங்கள் என் நினைவில் புரளலாயின.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். பயிற்சியால் மெலிய வைத்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யதுல் வதா வரை ஐந்தாறு மைல் எல்லை. பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் எல்லை. ஒத்தவற்றை ஒத்தவற்றோடு ஓட விடும் நீதி அதில் இருக்கிறது. இப்பொருளுக்கெனத் தனிப் பாடம் வகுத்ததில் இமாம் ஷாஃபிஈ அவர்களை எவரும் முந்தவில்லை என்பது அவர்களின் மாணவர் முஸனீயின் கூற்று. இமாம் நவவியின் மின்ஹாஜிலும் அப்பாடம் உண்டு. தொடங்குமிடமும் முடியுமிடமும் தெரிந்திருக்க வேண்டும். அவை இருவருக்கும் சமமாக இருக்க வேண்டும். ஓடும் குதிரைகள் இன்னவையென்று குறிக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றும் வெல்லக்கூடியதாய் இருக்க வேண்டும்.

இந்நிபந்தனைகளையே இன்றைய சிமுலேட்டரும் நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. உண்மையான ஓடுதளங்களை லேசர் கருவியால் அளந்து, மேடு பள்ளம் பிசகாமல் கணினிக்குள் வரைகிறார்கள். எல்லோர் கணினியிலும் ஒரே பதிப்பு, ஒரே கார், ஒரே தளம் உள்ளனவா என்பதைப் போட்டியை நடத்தும் சர்வரே சோதித்து, மாற்றியமைத்தவனை வெளியே நிறுத்த வேண்டும். 2008இல் தொடங்கிய ஐரேசிங் என்னும் அமைப்பில், ஓட்டுநரின் திறமைக்கு ஒரு மதிப்பெண்ணும், மோதாமல் ஓட்டும் ஒழுக்கத்துக்கு வேறொரு மதிப்பெண்ணும் தனித்தனியே இடுகிறார்கள். ஹஃப்யாவின் எல்லையும் பனூ ஸுரைக்கின் எல்லையும் வேறாக இருந்தது இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது.

பந்தயத்தில் ஜலபும் இல்லை, ஜனபும் இல்லை என்பது நபிமொழி. குதிரையின் பின்னால் ஆள் வைத்துக் கூச்சலிட்டு விரட்டுவது ஜலபு. களைத்தபோது மாறிக்கொள்ள மற்றொரு குதிரையைப் பக்கத்தில் ஓட்டிச் செல்வது ஜனபு. இதைச் சொன்னதும் மகன் வியந்து, ஒரு நிகழ்ச்சியைக் கூறினான். 2020இல் கொரோனாவால் களங்கள் மூடப்பட்டபோது நடந்த ஃபார்முலா ஈ இணையப் போட்டியில், ஜெர்மனியின் டேனியல் அப்ட் தம் பெயரில் வேறொருவரை ஓட்ட வைத்தார். பத்தாயிரம் யூரோவை அறப்பணிக்குச் செலுத்த நேர்ந்ததோடு, தம் அணியிலும் இடம் இழந்தார். அங்கே மாறியது குதிரை. இங்கே மாறியது ஆள்!

இனி, குதிரைக்கு இல்லாத இடர் ஒன்றும் இதில் உண்டு. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 55 மீட்டர் கடக்கிறது. கோலாலம்பூரிலிருந்து செய்தி வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தாலும், அக்கார் ஐந்து மீட்டருக்கு மேல் இடம் பெயர்ந்திருக்கும். ஒரு கார் நீளத்துக்கும் அதிகம். மோதாதவன் மோதியவனாகத் தோன்றுவான். எனவே ஒவ்வொரு காரின் ஓட்டத்தையும் முழுமையாகப் பதிந்து, எக்கோணத்திலிருந்தும் திருப்பிக் காட்டும் வசதி இருத்தல் வேண்டும். சாட்சியின்றித் தீர்ப்பு ஏது? இணைப்பு அறுந்தவனுக்கு என்ன நீதி என்பதும் முன்னரே எழுதப்பட வேண்டும். 2023 ஜனவரியில் நடந்த லெ மான் இணையப் பந்தயத்தில், உலகச் சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டப்பனே முன்னணியில் இருக்கையில் இணைப்பு அறுந்து, பின்தங்கி, சினந்து விலகினார். எங்கள் ஊரிலோ மின்சாரம் போனாலே போதும்!

பொருளற்ற வேலையென்று நான் எண்ணியதற்கும் ஒரு பயன் இருக்கக் கண்டேன். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் களத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அத்துறைக்கு வேண்டும் செல்வம் நம் போன்றோர்க்கு எட்டாதது. ஆனால் 2011இல் கணினி விளையாட்டுப் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் இளைஞர் ஜேன் மார்டன்பரோ, 2013இல் லெ மான் களத்தில் உண்மையான காரையே ஓட்டினார். சக்கரம் ஒன்றும் மேசை ஒன்றும் அவ்வழியைச் சற்றே திறந்துவிடுகின்றன.

பரிசுப் பணத்துக்கு வருவோம். போட்டியாளர் அனைவரும் பணம் வைத்து, வென்றவன் எல்லாவற்றையும் அள்ளிச் செல்வது சூதின் உருவம் என்பதே நாம் ஓதிய பாடம். பந்தயப் பொருள் குதிரை, ஒட்டகம், அம்பு ஆகியவற்றுக்கே உரியது என்னும் வரையறையும் அதில் உண்டு. "நான் முஃப்தி அல்லன், ஆயினும் சந்தேகமானதை விட்டு விலகுவதே பேணுதல். சர்வர் வாடகைக்கு மட்டும் பணம் வாங்குங்கள், பரிசே வேண்டாம்" என்றேன். 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து, மின்விளையாட்டை வேறாகப் பிரித்திருப்பதை எடுத்துச் சொன்னேன்.

மகன் அதை நண்பர்களிடம் சொல்ல, பெரிய வாக்குவாதம் மூண்டது. நால்வர் விலகிப் போயினர். அவர்களுள் ஒருவன் இவனுடைய பள்ளித்தோழன். அன்றிரவு அவன் உண்ணவில்லை. என் சொல்லால் நட்பை இழந்தானே என்று எனக்கும் உறக்கம் வரவில்லை. எனினும் எஞ்சிய பதினாறு பேரும் பரிசின்றியே தொடரை நடத்தினர்.

கடைசிப் பந்தயத்தன்று மாடியேறி, அவன் பின்னால் ஒரு நாற்காலியில் அமர்ந்தேன். மூன்றாவதாகச் சென்றவன், ஒரு வளைவில் முன்னவனை இடித்துத் தள்ளி இரண்டாவதானான். என் உள்ளம் சுருங்கியது. தீர்ப்பாளர் எவரும் வாய் திறக்குமுன், அடுத்த நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்து, இடிபட்டவனுக்கு வழிவிட்டு, மீண்டும் மூன்றாவதாகவே ஓடி முடித்தான். "ஏன் விட்டுக் கொடுத்தாய்?" என்றேன். "அது அவன் ஹக்கு, அத்தா" என்றான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அல்ஹம்துலில்லாஹ்! இப்போது அக்கதவு சாத்தப்படுவதில்லை. விலகிச் சென்ற அப்பள்ளித்தோழன் மட்டும் இன்னும் திரும்பவில்லை. அவனுக்காகவும் துஆச் செய்கிறேன். விடைத்தாள்களைத் திருத்த எனக்குத்தான் வேறொரு மேசை வேண்டியிருக்கிறது.